வட கொழும்பின் முடுக்குகள்

(புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டிக் குடாநாட்டில், குறிஞ்சிப்பிட்டியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொழும்பைப் பற்றிப் பேசச் சொல்லிக் கேட்டபோது கொஞ்சம் தயங்கினேன். கொழும்புக்குப் போகாத ஆள் இல்லாத வீடு இந்தப் பக்கத்தில் இருக்குமா? கருவாட்டுக் கணக்குத் தீர்க்கப் போனவர்கள், பெரியாஸ்பத்திரிக்குப் போனவர்கள், மத்திய கிழக்குக்குப் போக பாஸ்போட் எடுக்கப் போனவர்கள் எல்லாரும் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கு நான் எதைப் புதிதாகச் சொல்லிவிடப் போகிறேன்?

ஆனால் ஒரு கற்பிட்டிக்காரர் எனக்குத் தைரியம் தந்தார். சைமன் காசிச்செட்டி. 1807இல் கற்பிட்டியில் பிறந்தவர். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை 1859இல் ‘தமிழ் புளூட்டாக்’ என்று எழுதியவர் என்பது பலருக்குத் தெரியும். அதற்கு இருபத்தைந்து வருடங்களுக்கு முன்பே, 1834இல், இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் துறைகளையும் அகரவரிசையில் அடுக்கி ‘சிலோன் கெசட்டியர்’ என்று ஒரு நூல் போட்டார். நாட்டின் ஊர்களை உலகத்துக்கு விளக்கிச் சொல்ல அன்று ஒரு கற்பிட்டி மனிதர் போதுமாக இருந்திருக்கிறார். ஆகவே கொழும்பைப் பற்றி இந்த மணலில் நின்று பேசுவதில் தவறு ஒன்றும் இல்லை.

கொழும்பு என்றவுடன் பத்திரிகைகள் காட்டும் படம் எது? காலி முகத்திடல், தாமரைக் கோபுரம், கறுவாத் தோட்டத்து மரநிழல் வீதிகள். அவை இருக்கட்டும். நான் பேச வந்தது கோட்டைக்கு வடக்கே கிடக்கிற கொழும்பு. புறக்கோட்டை, புதுக்கடை, வாழைத்தோட்டம், ஜிந்துப்பிட்டி, கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், முகத்துவாரம். தபால்காரர் மொழியில் சொன்னால் 11 முதல் 15 வரை. கொழும்பு என்ற பெயருக்கு வெளியூரில் என்ன மவுசு இருக்கிறதோ, பாட்டு, பேச்சு, நாடகம், நகைச்சுவை, பந்து, சாப்பாடு, அதில் பெரும் பங்கை உண்டாக்கியவர்கள் இந்த வடக்குப் பக்கத்து ஆட்களும், அவர்களைப் போலவே நெருக்கியடித்து வாழ்ந்த மருதானை, கொம்பனித்தெரு ஆட்களும்தான். பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்கள். இதைத்தான் இன்று கொஞ்சம் விரித்துச் சொல்லப் போகிறேன்.

காசிச்செட்டி எழுதிய காலத்தில் கொழும்புத் துறைமுகம் பேருக்குத்தான் துறைமுகம். தென்மேற்குக் காற்று எழும்பினால் கப்பல் நங்கூரம் போட முடியாது. கடலில் நிற்பவர்களுக்கு அது என்ன பாடு என்று நான் விளக்கத் தேவையில்லை. பெரிய கப்பல்கள் காலிக்குத்தான் போயின. கடலுக்குள் அலை தடுக்கும் கற்சுவர் கட்ட 1875இல் அடிக்கல் வைத்தார்கள். 1885இல் கட்டி முடித்தார்கள். அந்தச் சுவர் எழுந்தபிறகு காலி தூங்கிப்போனது, கொழும்பு விழித்துக்கொண்டது. கப்பலுக்கு நிலக்கரி ஏற்ற ஆள் வேண்டும், தேயிலைப் பெட்டி சுமக்க ஆள் வேண்டும், அரிசி மூட்டை இறக்க ஆள் வேண்டும். தமிழ்நாட்டிலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் வந்தார்கள். இலங்கைக்குள் பல கரைகளிலிருந்தும் வந்தார்கள். துறைமுக வாசலுக்கு எட்டிய தூரத்தில் குடியேறினார்கள்.

அவர்கள் குடியிருந்த இடத்துக்குத் ‘தோட்டம்’ என்று பேர். மரம் செடி தேடாதீர்கள். வீதியில் நின்று பார்த்தால் இரண்டு கடைகளுக்கு நடுவே ஓர் ஆள் தோளைச் சாய்த்து நுழையும் முடுக்கு தெரியும். உள்ளே போனால் இருபுறமும் வரிசையாக ஓரறை வீடுகள். நடுவே ஒரு வாய்க்கால். கோடியில் ஒரு தண்ணீர்க் குழாய், நாலைந்து கக்கூஸ், அத்தனை குடும்பத்துக்கும் பொது. விடியற்காலை குழாயடியில் வாளி வரிசை ஆளுக்கு முன்னே வந்து நிற்கும். அறைக்குள் இடமில்லாததால் ஆண்பிள்ளைகள் வாசலில் படுப்பார்கள். கிழவர்கள் வாங்கில் உட்கார்ந்து பழமை பேசுவதும், பெண்கள் அரிசி புடைப்பதும், பையன்கள் சண்டை போடுவதும் அந்த ஆறடி அகலத்தில்தான். ஒரு வீட்டுத் தாளிதம் பத்து வீட்டுக்கு மணக்கும். ஒரு வீட்டில் ரேடியோ பாடினால் முழுத் தோட்டமும் கேட்கும். இந்த ரேடியோவைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது உங்களைக் கொஞ்ச நேரம் கடல் கடந்து கூட்டிப் போகிறேன். ஸ்கொட்லாந்தில் கிளாஸ்கோ என்று ஒரு பெரிய நகரம். கிளைட் ஆற்றங்கரையில் கப்பல் கட்டியே வளர்ந்த ஊர். அங்கே கோர்பல்ஸ் என்று ஒரு பகுதி. அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்தபோது பிழைக்க வந்தவர்கள், ஸ்கொட்லாந்தின் மலைநாட்டிலிருந்து நிலமிழந்து வந்தவர்கள், யூதர்கள், பின்னாளில் பாகிஸ்தானியர்கள் என்று எல்லாரும் முதலில் கால் வைத்த இடம் அது. கல்லால் கட்டிய நாலுமாடி வீடுகளில் அறைக்கு ஒரு குடும்பம். அந்த கோர்பல்ஸில் 1848இல் ஓர் ஐரிஷ் தம்பதிக்கு ஒரு பையன் பிறந்தான். 1871இல் அதே நகரத்தில் சின்னதாக ஒரு பலசரக்குக் கடை போட்டான். பேர் தோமஸ் லிப்டன். ஆமாம், உங்கள் தேத்தண்ணிப் பக்கெட்டில் இருக்கிற அதே லிப்டன். 1890இல் இலங்கைக்கு வந்து ஹப்புத்தளைப் பக்கம் தம்பத்தன்னையில் தோட்டம் வாங்கினார். மலையகத் தமிழ்ப் பெண் பறித்த கொழுந்து பெட்டியாகி ரயிலில் இறங்கி, கொட்டாஞ்சேனைத் தொழிலாளி தோளில் ஏறி, கப்பலில் போய், கடைசியில் கோர்பல்ஸ் தொழிலாளியின் கோப்பைக்குள் விழுந்தது. ஓரறை வீட்டுக்காரர்கள் இருபுறமும் இருக்க, லாபம் மட்டும் நடுவில் எங்கோ தங்கிவிட்டது.

கிளாஸ்கோவை எதற்கு இழுத்தேன் என்றால், அந்த ஊர்க்காரர்கள் தங்கள் வறிய பேட்டைகளைப் பற்றி வெட்கப்படுவதில்லை. ஊரின் பேரைச் சொல்லும் உதைபந்தாட்டக் கழகங்களில் ஒன்றான செல்டிக், 1887இல் கிழக்குப் பக்கத்து ஏழை ஐரிஷ் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடக் காசு சேர்க்கத் தொடங்கிய கழகம். தொடங்கியவர் வோல்ஃப்ரிட் என்ற கத்தோலிக்கத் துறவி. எதிர்க்கழகமான ரேஞ்சர்ஸ் புரொட்டஸ்தாந்து மக்களின் கழகம் என்று ஆனதையும், பிறகு அந்த இரண்டு கழகத்தாருக்கும் நடுவே வளர்ந்த மதப் பகையையும் மறைக்கக் கூடாது. நல்லதும் கெட்டதும் ஒரே தெருவில்தான் விளைகின்றன. கொழும்பில் பந்துக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், ரினோன், சாண்டர்ஸ் என்று சொன்னாலே முகம் மலரும் கிழவர்கள் இருக்கிறார்கள். கொம்பனித்தெருவில் ஒரு சந்தின் பேரையே வைத்துக்கொண்டு ஜாவா லேன் என்று ஒரு கழகம் நாட்டின் முதல்தர ஆட்டங்களில் ஆடியிருக்கிறது. மலாயர் வாழ்ந்த தெரு அது. புத்தளத்துப் பையன்களின் பந்து வெறியை எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. பின்வரிசையில் இரண்டு பேர் மஞ்சள் ஜேர்சியோடு உட்கார்ந்திருப்பது தெரிகிறது.

சரி, கொழும்புக்குத் திரும்புவோம். வட கொழும்பின் நிறுவனங்கள் எப்படி உண்டாயின? கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் தடைசெய்திருந்த காலம். கொச்சியிலிருந்து வந்த பாதிரியார் ஒருவர் வியாபாரி வேஷத்தில் ஒளிந்து திரிந்தாராம். முகத்துவாரத்து மீனவர்களின் கரையைக் கடல் அரித்துக்கொண்டே வந்ததாம். ‘கடலை நிறுத்தித் தாருங்கள், உங்களை நாங்கள் காப்பாற்றுகிறோம்’ என்று அவர்கள் கேட்க, அவர் மணலில் சிலுவை நட்டு மன்றாட, கடல் பின்வாங்கியதாம். ஐதீகம்தான். ஆனால் கடலரிப்பைக் கண்டவர்களுக்கு அந்த மீனவர்களின் கேள்வி விளங்கும். இன்றைய கோவில் 1834இல் எழுந்தது. செவ்வாய்க்கிழமை போய்ப் பாருங்கள், வரிசையில் நிற்பவர்களில் கத்தோலிக்கர் எத்தனை, மற்றவர்கள் எத்தனை என்று பிரிக்க முடியாது.

அந்தக் கோவிலில்தான் 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று குண்டு வெடித்தது. இந்தக் கூட்டத்தில் அதைப் பேசாமல் தாண்டிப் போகலாம், போக மாட்டேன். அந்தக் கதையில் நம் மாவட்டத்து வண்ணாத்திவில்லுவும் வருகிறது. அதே வருடம் ஜனவரியில் அங்கே ஒரு தோட்டத்தில் வெடிபொருள் பிடிபட்டது. பிடிபட்டும் தடுக்கப்படவில்லை. கொன்றவர்கள் முஸ்லிம் பேரோடு வந்தார்கள். குண்டு வெடித்ததற்கு அடுத்த மாதம், முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தில், இதே மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில் கொல்லப்பட்டவரும் ஓர் அப்பாவி முஸ்லிம். கோவில் ஜூன் மாதம் மீண்டும் திறந்தது. செவ்வாய்க்கிழமை வரிசையும் திரும்பியது. கொச்சிக்கடையில் கடை வைத்திருக்கிற முஸ்லிம்களும் மெழுகுதிரி விற்கிற பெண்களும் மறுபடி பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார வேண்டியிருந்தது, வேறு எங்கே போவது?

கொச்சிக்கடையிலிருந்து எட்டி நடந்தால் செட்டியார் தெரு. நகைக்கடைகள், நடுவில் பழைய கதிர்வேலாயுதர் கோவிலும் புதிய கோவிலும். கொழும்பின் ஆடிவேல் 1874 அளவில் தொடங்கியது. தொற்றுநோய்ப் பயத்தில் கதிர்காமத்துக்குப் போக அரசாங்கம் தடை போட, ‘நாங்கள் போகாவிட்டால் முருகனின் வேலை இங்கேயே ஊர்வலமாகக் கொண்டுவருவோம்’ என்று செட்டிமார் தேர் இழுத்தார்கள். தேர் கொழும்பின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போகும். முழு நகரமும் சாதி மதம் பாராமல் வேடிக்கை பார்க்க வரும். கோவிட் காலத்தைக் கடந்து வந்த நமக்கு இந்தக் கதை வேறு மாதிரிக் கேட்கும்.

அந்தத் தெருவிலிருந்து புறக்கோட்டைக்குள் இறங்கினால் இரண்டாம் குறுக்குத் தெருவில் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல். செங்கல்லும் வெள்ளையுமாக, மாதுளம்பழம் போலக் குமிழ்கள். 1908இல் தொடங்கி 1909இல் முடிந்த வேலை. வரைந்தவர் ஹபீபு லெப்பை சாயிபு லெப்பை. முறையாகக் கட்டடக்கலை படித்தவர் இல்லை. காசு கொடுத்தவர்கள் இந்திய முஸ்லிம் வியாபாரிகள். கப்பலில் வருகிறவர்கள் தூரத்திலிருந்தே அதைப் பார்த்துக் கொழும்பு வந்துவிட்டது என்று அறிந்துகொண்டார்கள்.

இதோடு இன்னொரு கட்டடக்காரரைச் சொல்ல வேண்டும். வாப்பிச்சி மரைக்கார். கறுவாத் தோட்டத்தில் இருக்கிற நூதனசாலை, 1877 ஜனவரி முதலாம் திகதி திறந்தது, அவர் கட்டியது. ‘உமக்கு என்ன வேண்டும்?’ என்று ஆளுநர் கிரகெரி கேட்டபோது, ‘வெள்ளிக்கிழமை நூதனசாலையை மூடிவிடுங்கள்’ என்று கேட்டார் என வழிவழியாகச் சொல்வார்கள். வெகுகாலம் அது வெள்ளிக்கிழமை மூடித்தான் கிடந்தது. காசு கேட்காமல் ஜும்ஆவைக் கேட்ட மனிதர். அதே மரைக்காரும் அறிஞர் சித்திலெப்பையும், எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு இங்கே இருந்த ஒராபி பாஷாவின் ஊக்கத்தோடு, 1892இல் மருதானையில் ஸாஹிராவைத் தொடங்கினார்கள். அந்தக் கல்லூரியை 1948 முதல் 1961 வரை நடத்திய அதிபர் ஏ.எம்.ஏ. அஸீஸ் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். கரவெட்டியிலிருந்து வந்த ஒரு மாணவர் அங்கே படித்து, அங்கேயே படிப்பித்து, பிறகு தமிழுலகம் அறிந்த பேராசிரியர் கா. சிவத்தம்பி ஆனார். முஸ்லிம் பள்ளிக்கூடம் என்றால் முஸ்லிம்களுக்கு மட்டும் என்று ஸாஹிரா நினைத்திருந்தால் சிவத்தம்பிக்கு அந்த வாசல் திறந்திருக்காது.

வாழைத்தோட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். அங்கே பிறந்து, 1939இல் இளம்பிராயத்திலேயே சுசரித என்று ஒரு நற்பணி இயக்கம் தொடங்கிய பையன்தான் ரணசிங்க பிரேமதாச. ஜனாதிபதியானதும் அந்தப் பேட்டையை விடவில்லை. 1993 மே தினத்தன்று ஆமர் வீதியில், அந்தப் பேட்டைக்கு எட்டிய தூரத்திலேயே கொல்லப்பட்டார். அவரது அரசியலைப் பற்றி இங்கே பலருக்குப் பல அபிப்பிராயம் இருக்கும், எனக்கும் உண்டு. முடுக்கில் தொடங்கிய ஒரு சங்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்காக மட்டும் சொன்னேன்.

இப்போது ரேடியோ. கொழும்பில் 1925 டிசம்பரில் ஒலிபரப்புத் தொடங்கியது. 1950இல் வர்த்தக சேவை வந்த பிறகு இலங்கை வானொலியின் தமிழ் ஒலி ராமேஸ்வரம் தாண்டித் தமிழ்நாட்டின் தேநீர்க்கடைகளுக்குள் புகுந்தது. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் என்று அறிவிப்பாளர்கள் அங்கே வீட்டுக்கு வீடு தெரிந்தவர்களானார்கள். முஸ்லிம் சேவை என்று தனியாக ஒன்று நடந்ததும் உங்களுக்குத் தெரியும். நோன்பு மாதத்தில் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இங்கே பலர்.

நான் சற்று நின்று காட்ட விரும்புவது ஒரு நகைச்சுவைத் தொடரை. ‘கோமாளிகளின் கும்மாளம்’. எழுபதுகளில் வந்தது, 1976இல் ‘கோமாளிகள்’ என்று படமாகவும் ஓடியது. எழுதியவர் எஸ். ராமதாஸ். நாலு பாத்திரம். மரைக்கார் பேசுவது முஸ்லிம் தமிழ். அப்புக்குட்டி பேசுவது யாழ்ப்பாணத் தமிழ். உபாலி பேசுவது சிங்களவர் வாயில் வருகிற தமிழ். ஐயர் பேசுவது பிராமணத் தமிழ். யார் யார் நடித்தார்கள் என்று கேளுங்கள். மரைக்காராக நடித்தவர் ராமதாஸ். ஐயராக நடித்தவர் அப்துல் ஹமீத். உபாலியாகச் செல்வசேகரன், அப்புக்குட்டியாக ராஜகோபால். முடிவில் ராமதாஸுக்கு ‘மரைக்கார் ராமதாஸ்’ என்றும் செல்வசேகரனுக்கு ‘உபாலி செல்வசேகரன்’ என்றும் பேர் ஒட்டிக்கொண்டது. அடுத்த சமூகத்தின் பேச்சை இவ்வளவு நுணுக்கமாகப் பிடிக்க அந்தப் பேச்சைத் தினமும் காதால் கேட்டிருக்க வேண்டும். கேலி இருந்தது, குத்தல் இல்லை. மரைக்காரைக் கேட்டுச் சிரித்தவர்களில் முஸ்லிம்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரே குழாயடியில் நாலு விதத் தமிழ் கேட்கும் ஊரில்தான் இது விளையும். சொல்லப்போனால் கொழும்பு மாநகரில் தமிழ் பேசும் மக்கள் பாதிக்கு மேல், சிங்களம் தெரியாதவர் அரிது.

பாட்டும் அப்படித்தான். பைலாவைக் கொழும்பின் சொத்து என்று நினைக்கிறோம். அதைச் சிங்கள மேடைக்குக் கொண்டுவந்த வொலி பஸ்டியன் ஒரு பொலிஸ்காரர். ஆனால் அந்தத் தாளத்தின் வேரில் ஆபிரிக்கரின் பங்கு இருக்கிறது, அந்த ஆபிரிக்கரின் வழிவந்தவர்கள் நம் புத்தளத்துச் சிறாம்பியடியில் இன்றும் கைதட்டி மஞ்சப் பாட்டுப் பாடுகிறார்கள். ஆக, கொழும்பு கலியாண வீட்டு ஆட்டத்தில் நம் மாவட்டத்துக்கும் பங்கு உண்டு. தமிழில் பொப் பாட்டு வந்தபோது ஏ.ஈ. மனோகரன் ‘சுராங்கனி’யோடு கடல் தாண்டினார், 1977இல் இளையராஜா இசையில் தமிழ்ப்படத்திலும் அது ஒலித்தது. அந்தப் பாட்டின் விஷயம் என்ன? மீன். மீன்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்.

கடைசியாக ஒரு விஷயம், கொஞ்சம் கசப்பானது. இந்தத் தோட்டங்களையும் முடுக்குகளையும் இடித்துத் தொடர்மாடி கட்டி, மக்களை மேலே ஏற்றும் வேலை நடக்கிறது. 2001இல் வனாத்தமுல்லையில் சஹஸ்புர எழுந்தது. 2010க்குப் பிறகு அது வேகமெடுத்தது. பொதுக் கக்கூஸை நான் புகழ வரவில்லை. சொந்தக் குழாய், சொந்தக் கழிவறை கிடைத்த தாயின் நிம்மதியை மாடி ஏறிப் பாராதவர்கள் பேசக் கூடாது. ஆனால் மூன்றாம் மாடியில் வீட்டு வாசலில் அப்பம் சுட்டு விற்க முடியாது. மூட்டை சுமக்கிற நாட்டாமை தன் கைவண்டியை எங்கே நிறுத்துவான்? லிப்ட் பழுதானால் கிழவி இறங்குவதெப்படி? அயலாரை யாரும் பெயர்த்து அதே வரிசையில் மேலே வைப்பதில்லை. சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒரு மாடி கொடுக்கிறார்கள்.

கிளாஸ்கோவில் இதைச் செய்து பார்த்து முடித்துவிட்டார்கள். கோர்பல்ஸை இடித்துவிட்டு, பேர்போன கட்டடக்கலைஞர் ஒருவரைக் கொண்டு அறுபதுகளில் பெரிய தொகுதி கட்டினார்கள். ஈரம் கசிந்து, ஆட்கள் வெறுத்து, 1993இல் அதையும் இடித்தார்கள். ரெட் ரோட் என்ற இடத்தில் 31 மாடி வரை எழுப்பியவற்றையும் பின்னாளில் இடித்துத் தள்ளினார்கள். நாம் அந்தப் பாடத்தை இலவசமாகப் படித்திருக்கலாம். அதே நகரத்தில் பொலொக்ஷீல்ட்ஸ் என்று தெற்காசியர் நிறைந்த பேட்டை ஒன்று உண்டு. பழைய கல்வீடுகள், ஒன்றை ஒன்று பார்த்த ஜன்னல்கள். 2021 மே 13, நோன்புப் பெருநாள் காலையில், இரண்டு இந்தியர்களைக் குடிவரவு அதிகாரிகள் பிடித்து வாகனத்தில் ஏற்றினார்கள். அயலவர் ஒருவர் வாகனத்துக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். தெரு நிறைய ஆட்கள் கூடி, ‘எங்கள் அயலாரை விடு’ என்று பல மணி நேரம் சுற்றி நின்றார்கள். பின்னேரம் இருவரையும் விட்டார்கள். முப்பதாம் மாடியில் இருப்பவருக்குக் கீழே வாகனம் நிற்பது தெரிந்திருக்குமா?

அயலாரின் பலத்தைக் காணக் கிளாஸ்கோ வரை போகவும் தேவையில்லை. இங்கே 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வெறுங்கையோடு வந்து இந்தக் குடாநாட்டில் கூடாரம் போட்ட குடும்பங்களின் பிள்ளைகளும் இருப்பீர்கள். உங்கள் வாப்பாமார் நிரந்தர வீடு கட்டுவதற்கு முன்பே ஓலைப் பள்ளிவாசலும் ஓலைப் பள்ளிக்கூடமும் போட்டார்கள். எதை முதலில் கட்ட வேண்டும் என்று அவர்களுக்கு எந்த அதிகாரசபையும் வரைபடம் தரவில்லை.

கொழும்பில் வீடுகள் மட்டுமல்ல, சந்தைகளும் நகர்ந்துவிட்டன. சென் ஜோன்ஸ் மீன் சந்தை 2011இல் பெலியகொடைக்குப் போனது, மெனிங் மரக்கறிச் சந்தை 2020இல் போனது. லொறிக்கு வசதி, உண்மை. ஆனால் முன்பு சாமான் இறக்கிவிட்டு நாலாம் குறுக்குத் தெருவில் தேத்தண்ணி குடித்து, தெருவைச் சுற்றிப் பார்த்து, பிள்ளைக்குச் சட்டைத்துணி வாங்கி வந்த நம் ஆட்கள் இப்போது களனி ஆற்றுக்கு அந்தப் பக்கமே திரும்பி விடுகிறார்கள்.

அதனால் லொறியோடு போகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். விடியச் சாமான் இறக்கியதும் புறக்கோட்டைக்கு பஸ் ஏறுங்கள். இரண்டாம் குறுக்குத் தெருவில் தொடங்கி, செட்டியார் தெரு வழியாகக் கொச்சிக்கடை, அங்கிருந்து ஜிந்துப்பிட்டி, விவேகானந்த மேடு, ஐந்து லாம்புச் சந்தி, வாழைத்தோட்டம் என்று ஒரு சுற்று. நடக்கத் தெரிந்தவருக்கு இரண்டு மணித்தியாலம் போதும். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். முடுக்கு கண்டால் எட்டிப் பாருங்கள், யாரும் ஏசமாட்டார்கள், ‘யாரைத் தேடுறீங்க?’ என்றுதான் கேட்பார்கள். வெள்ளிக்கிழமை போனால் ஜும்ஆவைச் சம்மாங்கோட்டிலேயே தொழலாம், நேரத்தோடு போனால் உள்ளே இடம் கிடைக்கும். இனி நீங்கள் கேளுங்கள். அந்தப் பின்வரிசை மஞ்சள் ஜேர்சித் தம்பி அப்போதிருந்தே கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்.